என் பொறுப்பில் இருக்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

பெற்றவர்கள் பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் முதல் வரியிலேயே மூக்கை உறிஞ்சுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வயது பதினேழு, மீசை என்று சொல்லிக்கொள்ள உதட்டுமேல் ஒரு நிழல், அவ்வளவுதான் என் சொத்து. ஆனாலும் போன வாரம் கீழ்பென்னாத்தூர் ரோட்டுக் கல்லூரியில், 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று அச்சடித்திருந்த கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டவன் நான். சேர்ந்த மாணவி நீ. ஆக, இன்றைய தேதிக்கு நீ என் பொறுப்பு. பொறுப்பில் இருப்பவர் வழி தவறினால் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்வது கார்டியனின் கடமை. நீ வழி தவறிவிட்டாய். நாளைக்கு உனக்கு முதல் வகுப்பு. நேற்று சாயங்காலம், "நான் போகல, வுடு" என்று சொல்லிவிட்டு, புதுப் பையைத் தூக்கி பீரோ மேல் போட்டாய். நீ இப்போது வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் யாருடைய பெட்ஷீட்டையோ தோய்த்துக்கொண்டிருக்கிறாய். நான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்டியன் கடிதம் என்பதால் கொஞ்சம் புத்தகத் தமிழில் எழுதுகிறேன். நடுவில் வாய் வழுக்கினால் கண்டுக்காதே. பரம்பரை வாய்.

முதலில் அந்தக் கல்லூரி ஆபீஸ் ஜன்னலை ஞாபகப்படுத்திக்கொள். உள்ளே ஒரு ஃபேன், ஃபேனுக்குக் கீழே ஒரு கிளார்க், கிளார்க் கையில் ஒரு சமோசா. நம்மைப் பார்த்ததும் அவர் உன்னிடம், "பையனுக்கு எந்த க்ரூப் வேணும்மா?" என்றார். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பையனுக்கு இல்லீங்க, எனக்குங்க. பி.எஸ்சி. கணக்கு" என்றாய். வாய்க்குப் போன சமோசா பாதி வழியில் நின்றது. "உங்களுக்கா?" "ஆமாங்க." "எதுக்கு?" அம்மா, அந்த 'எதுக்கு' என்கிற வார்த்தையை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும். கெமிஸ்ட்ரி பேப்பரில் என் மார்க்கைப் பார்த்து வாத்தியாரே வெட்கப்படுகிறார். அந்த என்னைப் பார்த்து எந்த க்ரூப் என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்த உன்னைப் பார்த்து எதுக்கு என்கிறார்கள்.

அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். உன் வயசு ஜாஸ்தி என்று முதலில் யோசித்தார்களாம். அப்புறம் கணக்கு வகுப்பில் காலியாகக் கிடக்கும் பெஞ்சுகளை நினைத்துப் பார்த்தார்களாம். யோசனை தீர்ந்துவிட்டது. சேருகிறவர்கள் கம்மியான வருஷத்தில் சாட்சாத் அண்ணாமலையாரே வந்து நின்றாலும் அங்கே, "டி.சி. இருக்கா?" என்பது ஒன்றுதான் கேள்வியாக இருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து. "வூட்டுக்காரர் வரலையா?" என்றார் கிளார்க். "லாரி ஓட்றாருங்க. நாக்பூர் லோடு போயிருக்காரு." "அப்ப வேற யாராச்சும் ஆம்பளைங்க இருந்தா கூட்டினு வாங்க. பேரன்ட் கையெழுத்து இல்லாம ஃபைல் மேல போவாது." நான் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "நான்தான் சார்" என்றேன். "நீ யாருப்பா?" "இவங்க பையன்." "பையன் எப்பிடிப்பா பேரன்ட் ஆவ முடியும்?" "கார்டியன்னும் போட்டிருக்கே சார். இவங்கள வண்டில உக்கார வச்சி ஓட்டினு வந்ததே நான்தான். வழில இன்னா ஆனாலும் நான்தான பொறுப்பு?" அவர் ஃபேனைப் பார்த்தார், சமோசாவைப் பார்த்தார், சமோசா ஆறுவதைப் பார்த்தார். பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

எனக்கு ஓட்டுரிமை இல்லை. வண்டி ஓட்ட லைசென்ஸ் இல்லை (அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை). என் ரெக்கார்டு நோட்டை என்னாலேயே பொறுப்பாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் முப்பத்தேழு வயதில் ஒரு வீட்டைத் தனியாக நிற்கவைத்திருக்கும் பெண், வகுப்பில் ஒழுங்கு மீறாமல் நடந்துகொள்வாள் என்பதற்கு நான் உத்தரவாதம்! ஏன்? நான் ஆம்பளை. இதைவிடக் கேவலமான ஒரு தகுதியை வைத்து நான் எதிலும் பாஸானதில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் ரேங்க் கார்டில் உன் கையெழுத்தை நான் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். வளைவு, சுழி, கடைசியில் நீ வைக்கிற புள்ளி எல்லாம் அச்சு அசலாக வரும், கை கூசியதே இல்லை. அன்றைக்கு உனக்காக என் சொந்தக் கையெழுத்தைப் போட்டேன். அப்போதுதான் பேனா வழுக்கியது.

உன் அண்ணனைப் பற்றி, அதாவது என் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் இந்தக் கடிதத்தை நகர்த்த முடியாது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரமாகக் கற்பூரமும் கலர் சோடாவும் விற்கும் அந்த மாமனிதர்தான் நம் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் போனவர். போனவர் என்றுதான் சொன்னேன், வந்தவர் என்று சொல்லவில்லை. அவர் காலேஜ் போவதற்காக உன்னைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் ரெண்டு பேர் படித்தால் கட்டுப்படியாகாது, பெண்ணுக்குக் கணக்கு வந்தால் என்ன, கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும் என்று தாத்தா முடிவு செய்ததாக நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். எனக்குச் சிரிப்பு வராது. மாமா மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்தார். கிட்டத்தட்ட எல்லாப் பேப்பரிலும் அரியர் வைத்தார். அவர் காலேஜை விட்டு வந்து எத்தனையோ வருஷமாச்சு, அவருடைய அரியர் மட்டும் இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் எல்லாரும் மலையைச் சுற்றுவார்கள், தீபத்தன்றைக்குத் தவிர யாரும் மேலே போவதில்லை. நம் குடும்பம் காலேஜை அப்படித்தான் சுற்றியது. செருப்புகூடப் போடாமல் சுற்றியது. உள்ளே போனதில்லை.

நீ தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதப்போகிறாய் என்று கேள்விப்பட்டதும் மாமா நம் வீட்டுக்கு வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இந்த வயசுல இன்னாத்துக்கு பரீட்ச? நாளைக்கு பேரன் பொறந்தா தாலாட்டு பாட பன்னெண்டாவது பாஸான்னா கேக்கப் போறாங்க?" தாலாட்டு இருக்கட்டும், எனக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அதற்கு நீ என் தலையில் குட்டினாய். பரீட்சை அன்றைக்கு ஹாலில் இருந்த டீச்சர் உன்னைப் பார்த்து, "பேரன்ட்ஸ்லாம் கேட்டுக்கு வெளிய நிக்கணும்மா" என்று சொல்லி, நீ ஹால் டிக்கெட்டைக் காட்டி, பின்பெஞ்சுப் பொடிசுகள் சிரித்து, அதில் ஒருத்தி இடைவேளையில் உன்னிடமே வந்து, "ஆன்ட்டி, அந்த அஞ்சு மார்க்குக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டதுவரை நீதான் சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு திமிர் இருந்தது. இவ்வளவு நாளாக அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?

பாஸானாய். அடுத்து வந்த பௌர்ணமிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். செய்தது நான்தான் என்று இதுவரை எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். மாமா கடைக்கு எதிரே, கிரிவலம் வரும் அத்தனை ஜனமும் பார்க்கிற மாதிரி அந்த ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியது நான். நடுவில் உன் ஹால் டிக்கெட் போட்டோ, ஆள் உயரத்துக்கு. பின்னால் ஒரு சிங்கம், அதற்குப் பின்னால் நம் மலை. 'பன்னிரண்டாம் வகுப்பில் வெற்றி வாகை சூடிய எங்கள் குலவிளக்கே!' என்று மேலே. கீழே, 'தங்கையைப் படிக்க வைத்து அழகு பார்க்கும் அன்பு அண்ணன்' என்று மாமாவின் போட்டோ, கறுப்புக் கண்ணாடியோடு, கல்யாணத்தில் எடுத்தது. காசு ஏது என்று கேட்காதே. என் பழைய சைக்கிளைக் காணோம் என்று நீ தெருவெல்லாம் தேடினாயே, அந்தத் தேடலை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாமா கத்திரிக்கோலோடு வெளியே வந்தார். ஒரு பக்கக் கயிற்றில் கைகூட வைத்துவிட்டார். நான் எதிர் டீக்கடையில் பன்னை மென்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருத்தர் நின்று படித்துவிட்டு, "பரவால்லியே! தங்கச்சிய இந்த வயசுல படிக்க வச்சிருக்கியே, இதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்பா" என்றார். மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அறுக்கப் போன கை அப்படியே கயிற்றை இழுத்துக் கட்டியது. "தொங்கினு இருந்துச்சுங்க, அதான்" என்றார். சாயங்காலத்துக்குள், "நான்தான் ஆரம்பத்துலேந்து படி படின்னு சொல்லிக்கினே இருந்தேன்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். கூட்டம் ஏற ஏற, கேட்டவர்களுக்கெல்லாம் ஓசியில் கலர் உடைத்துக் கொடுத்தார். அவர் காசில் கலர் குடித்த முதல் ஆள் நான்தான். கேவலமாக இருந்தது, ஆனால் ஜில்லென்று இருந்தது.

அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்ட பாடத்தை உனக்குச் சொல்கிறேன், சிலபஸில் வராது. நீ பாஸானால் நம் ஜனத்துக்குச் சந்தோஷம், ஏனென்றால் பாஸானதில் அவர்களும் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நீ தினமும் பஸ் ஏறிப் படிக்கப் போனால் சந்தோஷம் இல்லை. அதில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. உன் கெஸ்ட் ஹவுஸ் ஓனரம்மாவையே எடுத்துக்கொள். பாஸானதும் உனக்கு ஸ்வீட் ஊட்டி, அதை வீடியோ எடுத்தார். காலேஜ் சேரப்போகிறேன் என்றதும், "படிச்சி கலெக்டரா ஆவப் போற? இங்க ரூமெல்லாம் யாரு கூட்டுவா?" என்றார். நீ, "மத்தியானத்துல வந்து முடிச்சிட்றேங்க்கா" என்றாய், என்னமோ தப்பு செய்தவள் மாதிரி. செங்கம் ரோட்டில் அந்த கெஸ்ட் ஹவுஸ் வராந்தாச் சுவரில் எல்லா உயிரும் ஒன்று என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். டீ டம்ளர் மட்டும் ரெண்டு வகை. எங்கெங்கோ பெரிய பெரிய பட்டமெல்லாம் வாங்கினவர்கள் அதெல்லாம் வேண்டாம், நிம்மதி போதும் என்று அங்கே வந்து ரூம் எடுத்துப் படுக்கிறார்கள். அவர்கள் உதறிய பட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்கள் உதறிய பெட்ஷீட்டை நீ எடுத்துத் தோய்க்கிறாய், அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. உன்னைப் பார்த்து, "எவ்ளோ எளிமையான வாழ்க்கை, எவ்ளோ ஆனந்தம்" என்று ஒருத்தர் கைகூப்பினாராமே. அவரை ஒரு வாரம் நம் வீட்டுத் தண்ணிக் குழாய்க்குக் குடத்தோடு அனுப்பு. ஆனந்தம் அடங்கிவிடும்.

எங்கள் ஸ்கூலுக்கும் வருஷா வருஷம் ஒருத்தர் வருவார். கார் வரும், சால்வை வரும், மைக் வரும், கடைசியில் ஒரு பேச்சு வரும். உழைத்தால் உயரலாம். போன தடவை நான் எழுந்து, "சார், எங்க அம்மா விடியறதுக்கு முன்னாடிலேந்து உழைக்கிறாங்க. இன்னும் பீரோ மேல இருக்கிற பெட்டிய எடுக்க ஸ்டூல்தான் போடறாங்க" என்று சொன்னேன். கைதட்டல் எனக்குத்தான் ஜாஸ்தி. மறுநாள் ஹெட்மாஸ்டர் ரூமில் நின்றதும் நான்தான். இன்னொரு கூட்டம் இருக்கிறது, பௌர்ணமி அன்றைக்குப் பாதையோரம் பந்தல் போட்டு எலுமிச்சை சாதம் கொடுக்கிற தனியார் இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள். தொன்னையைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி பிளஸ் டூவா? போன் நம்பர் சொல்லு" என்பார்கள். சாமியைச் சுற்ற வருகிற ஏழை வீட்டுப் பிள்ளைகளை இவர்கள் சுற்றி வளைக்கிறார்கள். நான் சாதத்தை ரெண்டு தடவை வாங்கிக்கொண்டு மாமா நம்பரைக் கொடுத்தேன். இன்றுவரை அவருக்கு மெக்கானிக்கலா சிவிலா என்று கேட்டுப் போன் வருகிறது. இந்த வயசுல எதுக்கு என்று அவரை மட்டும் யாரும் கேட்பதில்லை பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்ததும், வியாழக்கிழமை மாமா வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார், காபியைக் குடித்தார், சர்க்கரை கம்மி என்றார், பிறகு ஆரம்பித்தார். "பாஸ் பண்ண, சந்தோஷம், பேனர் வச்சாச்சு. அத்தோட நிறுத்திக்க. காலேஜ் பஸ்ல சின்னப் பசங்களோட நீ ஏறி நின்னா நான் கடைல எப்பிடி உக்கார்றது?" அதற்கு நீ அசையவில்லை. "நின்னுனே வித்துக்கோண்ணா" என்று சொன்னாய் பார், அன்றைக்கு உன் கார்டியனாக நான் பெருமைப்பட்டேன். உடனே அவர் அடுத்ததை எடுத்தார். "சரி, உனக்கு வெக்கமில்ல. புள்ள கதி? குடும்பத்துல மொத பட்டதாரி யாரோ அவனுக்குதான் இன்ஜினியரிங் ஃபீஸ்ல அரசாங்கம் தள்ளுபடி தருது. நீ முந்திக்கிட்டு டிகிரி வாங்கிட்டா அந்த சர்டிபிகேட் அவனுக்குக் கெடைக்காது. முழு ஃபீஸ் கட்டுவியா? பெத்த புள்ள சோத்துலயே கைய வெக்கிறியா?"

அப்போதுதான் உன் முகம் விழுந்தது. இத்தனை வருஷம் அவர் உன்னைச் சொன்னதெல்லாம் உன் மேல் ஒட்டியதே இல்லை. என்னைச் சொன்னதும் ஒட்டிக்கொண்டது. உன்னைத் தடுக்க எந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. படித்ததில் எல்லாம் அரியர் வைத்த மனிதர், உன் பாடத்தில் மட்டும் பாஸ்.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்றுக் காலையில் இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். கம்ப்யூட்டரில் இருந்த அக்காவிடம், "எங்கம்மா காலேஜ் சேந்துட்டாங்க. எனக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் கெடைக்குமா, கெடைக்காதா?" என்றேன். அந்த அக்கா திரும்பியே பார்க்கவில்லை. "அம்மா டிகிரி முடிச்சிட்டாங்களா?" "இல்லக்கா, திங்கக்கிழமதான் ஆரம்பிக்கிறாங்க." அப்போதுதான் திரும்பினார். ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது கிளார்க் சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. "முடிச்சவங்க வீட்ல இருந்தாதான் கெடைக்காது. படிச்சினு இருக்கிறவங்க கணக்குல வர மாட்டாங்க. நீ பிளஸ் டூ முடிச்சி அடுத்த வருஷமே சேந்துட்டினா உனக்கு உண்டு. உங்கம்மா டிகிரி வாங்கினதுக்கு அப்புறம் வந்து நின்னா கெடையாது. உங்கம்மாவுக்கு முன்னாடி நீ ஓடணும், அவ்ளோதான்."

இதைச் சொன்னால் நீ குதிப்பாய் என்று நினைத்து ஓடி வந்தேன். நீ புளியை ஊறவைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டாய். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நீ மொத தடவையே பாஸ் பண்ணிடுவியாடா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அரியர் வெக்கிறது நம்ம வூட்டு ரத்தம். ஒரு வருஷம் போச்சுனா? ரெண்டு வருஷம் போச்சுனா? உனக்குனு அது இருக்கட்டும். நான் போகல, வுடு." பை பீரோ மேல் ஏறியது.

அம்மா, என்னை ஹெட்மாஸ்டர் திட்டியிருக்கிறார், கெமிஸ்ட்ரி சார் திட்டியிருக்கிறார், பஸ் கண்டக்டர் திட்டியிருக்கிறார். உன்னளவுக்கு அழகாக யாரும் திட்டியதில்லை. நான் உருப்படாமல் போனால் அப்போது உதவும் என்று உன் படிப்பை எடுத்து எனக்காகப் பரணில் வைக்கிறாய்! நான் தோற்பதற்கு இப்போதே இடம் ஒதுக்கி வைக்கிறாய். இதைத்தான் தாத்தாவும் செய்தார். ஆண்பிள்ளை தட்டுத் தடுமாறினாலும் தாங்கட்டும் என்று உன்னை எடுத்து மாமாவுக்கு அடியில் மெத்தையாகப் போட்டார். மெத்தை இருந்ததால் மாமா சுகமாக விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் அதே மெத்தையைப் போடுகிறாய். எனக்கு வேண்டாம். நான் விழுந்தால் தரையில் விழுகிறேன். வலித்தால்தான் எழுந்திருப்பேன். நாலு தலைமுறையாக இந்த வீட்டில் பெண்கள் தியாகம் செய்து செய்து, ஆண்கள் என்னவாக ஆகியிருக்கிறார்கள் என்று ஒருமுறை வரிசையாக நிற்கவைத்துப் பார். வரிசையின் கடைசியில் கற்பூரம் விற்றுக்கொண்டு உன் அண்ணன். அவருக்குப் பின்னால் நான் போய் நிற்க வேண்டுமா?

இன்று காலை நீ வேலைக்குக் கிளம்பியதும் அப்பா போன் செய்தார். எங்கேயோ ரோட்டோரம் வண்டியை நிறுத்தியிருந்தார், லாரி ஹாரனுக்கு நடுவில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது. "அவ இன்னா சொல்றா?" "போகலன்றாங்க." "அவ அப்பிடிதான் சொல்லுவா. என்னைக் கட்டிக்கவே மாட்டேன்னுதான் சொன்னா." ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்தி, "கையெழுத்து போட்டது யாரு, நீதான? நீதான் ஏத்தி வுடணும். நான் அங்க இருந்தா நான் ஏத்தி வுட்ருப்பேன்" என்றார். உன்மேல் அக்கறை இல்லாத மனிதன் என்று இவரைப் பற்றி நான் வைத்திருந்த கருத்தில் கொஞ்சம் திருத்தம் செய்திருக்கிறேன். முழுசாக இல்லை.

அதனால், போவது என்றே வைத்துக்கொண்டு சில விஷயம் சொல்கிறேன். முதல் பெஞ்சில் உட்காராதே, எல்லா வாத்தியாரும் பேனா கேட்பார்கள். கடைசிப் பெஞ்சில் உட்காராதே, அது என்னைப் போன்றவர்களின் இடம். பாடம் எடுக்க வரும் மிஸ் உன்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார், அவரைப் போய்க் கண்ணு என்று கூப்பிட்டுவிடாதே. வகுப்புப் பெண்கள் ஆன்ட்டி என்றால் திரும்பாதே, பெயர் சொன்னால் மட்டும் திரும்பு. உன் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாகிறது? டப்பாவில் எல்லாருக்கும் சேர்த்துச் சாதம் எடுத்துப் போகாதே, அங்கே நீ யாருக்கும் அம்மா இல்லை. முக்கியமான ஒன்று. வகுப்பில் குப்பை கிடந்தால் உன் கை தானாகத் துடைப்பம் தேடும், எனக்குத் தெரியும். தேடக்கூடாது. நீ அங்கே கூட்டப்போவது எண்களை மட்டும்தான். புரியாவிட்டால் எழுந்து கேள். "எதுக்கு?" என்று கேள். அந்த வார்த்தையை உன்னிடம் ஒருத்தர் கேட்டுவிட்டார், இனி அது உன் வார்த்தை.

போகவில்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுவது கார்டியனின் நேர்மை. இன்னொரு ஃப்ளெக்ஸுக்கு டிசைன் தயாராக இருக்கிறது. 'தங்கையின் படிப்பை வெற்றிகரமாகத் தடுத்து நிறுத்திய அன்பு அண்ணன்' என்று, அதே கறுப்புக் கண்ணாடி, அதே சிங்கம். இந்த முறை அவர் போட்டோதான் ஆள் உயரம், உன்னுடையது மூலையில் ஸ்டாம்ப் சைஸில். அடுத்த பௌர்ணமிக்கு ஏறும். விற்பதற்கு இன்னொரு சைக்கிள் என்னிடம் இல்லை, ஆனால் மாமா கடைக்கு வெளியே ஒன்று நிற்கிறது.

கடைசியாக ஒன்று. ஸ்கூலில் எந்தப் படிவம் கொடுத்தாலும் 'தாயின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருக்கும். அஞ்சாவதிலிருந்து அதை நான்தான் நிரப்புகிறேன், நீ அடுப்படியிலிருந்து, "பத்தாவதுன்னு போடு" என்று சொல்வாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, "கணக்குல மொத மார்க்கு" என்று சேர்த்துக்கொள்வாய். அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் இருக்காது, ஆனாலும் சொல்வாய். என்னை ஒரே தடவையில் பாஸ் பண்ணச் சொல்கிறாய், பண்ணுகிறேன். கெமிஸ்ட்ரி புத்தகத்தை வாங்கினதிலிருந்து முதல் தடவையாக இன்று காலையில் திறந்தேன், உள்ளே படமெல்லாம் இருக்கிறது. அப்படியும் தவறினால் தவறட்டும். மூன்று வருஷம் கழித்து ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு ஜன்னலில், அந்தக் கட்டத்தில் 'பி.எஸ்சி. கணக்கு' என்று எழுதுவேன். அந்தப் பக்கம் இருப்பவர், "அப்ப உனக்கு சலுகை கெடையாதுப்பா" என்பார். "தெரியும் சார், எழுதிக்கங்க" என்பேன்.

ஸ்டூல் போட்டுப் பையை இறக்கிவிட்டேன். வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறது. ஓனரம்மாவுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து நீ மத்தியானம்தான் வருவாய் என்று சொல்லியாயிற்று. யார் பேசுவது என்று கேட்டார், கார்டியன் என்றேன். காலை பஸ்ஸுக்கு நான் கூடவே வந்து நிற்பேன். டப்பாவில் சாதம் நான் கட்டுகிறேன். உப்பு கம்மியாக இருந்தால் வீட்டுக்கு வந்து சொல், அங்கே யாரிடமும் சொல்லி என் மானத்தை வாங்காதே.

இப்படிக்கு,
உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன்